பல் போன குழியில் உறையும் இரத்தம்: ஞானப்பல்லைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

ரங்கூனில் நம்மவர் வீடு ஒன்றில் ஞானப்பல் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். கிராம்பை வைத்துக் கடித்துக்கொள் என்பார் பாட்டி. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்பு என்பார் மாமா. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயப்படுவார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பல் எதனால் வலிக்கிறது, அதை எடுத்த பிறகு அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் விளக்கிச் சொல்பவர் குறைவு.

இதை எழுதத் தூண்டியது என் அக்கா மகனுக்கு நேர்ந்த ஒன்று. போன மழைக்காலத்தில் அவனுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தான். மூன்றாம் நாள் தெருமுனைக் கடையில் ஒரு குன்யா (சுண்ணாம்பும் பாக்கும் வைத்து மடித்த வெற்றிலை) வாங்கி, புண் இல்லாத பக்கத்தில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். நான்காம் நாள் தாடையிலிருந்து காது வரை வலி ஏறி, இரவெல்லாம் தூக்கம் இல்லை. பல் எடுத்தவர் சரியாகச் செய்யவில்லை என்று வீட்டில் எல்லோரும் பேசினோம், நானும் பேசினேன். இரண்டாவதாக அவனைப் பார்த்த மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிய பிறகுதான், நாங்கள் குறை சொன்ன இடத்தில் குறை இல்லை என்பது புரிந்தது. அவர் சொன்னதையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஞானத்துக்கும் இந்தப் பல்லுக்கும் தொடர்பு உண்டா?

பெரியவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும், வலமும் இடமும், வரிசையின் கோடியில் ஒவ்வொன்றாக இருக்கும் நான்கு கடைவாய்ப்பற்களைத்தான் ஞானப்பற்கள் என்கிறோம். முதல் கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஆறு வயதிலும், இரண்டாவது பன்னிரண்டு வயதிலும் முளைக்கின்றன. மூன்றாவதாகிய ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. விவரம் தெரிந்த வயதில் முளைப்பதால் வந்த பெயரே தவிர, அறிவுக்கும் அதற்கும் வேறு தொடர்பு இல்லை. பர்மிய மொழியில் இதன் பெயர் கடைசிக் கடைவாய்ப்பல் என்றே பொருள்படும். உண்மையில் அந்தப் பெயர்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது, ஏனென்றால் தொல்லை முழுவதும் கடைசியாக வருவதில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் இது முளைப்பதுமில்லை. உலக அளவில் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நான்கில் ஒரு ஞானப்பல்லாவது தாடைக்குள் உருவாவதே இல்லை. அது குறைபாடு அன்று. அதற்காகக் கவலைப்படவும் வேண்டியதில்லை.

பந்திக்குக் கடைசியாக வந்தவர்

கோயில் திருவிழாப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாயில் எட்டு இலை போடத்தான் இடம். ஏழு பேர் விசாலமாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு எட்டாமவர் வருகிறார். இடம் மீதம் இருந்தால் நேராக உட்காருவார். இல்லையென்றால் உடலைச் சாய்த்து, பக்கத்தில் இருப்பவரின் தோளில் முட்டிக்கொண்டு உட்காருவார். அல்லது சுவரோரமாக ஒடுங்கி நிற்பார். தாடை எலும்பில் நடப்பது இதுவே. நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டாவது பல்தான் ஞானப்பல். மற்ற ஏழும் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அது முளைக்கப் பார்க்கிறது.

இடம் போதாமல் எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ முழுவதுமாக அல்லது பாதியாகச் சிக்கிக்கொண்ட பல்லைப் புதைபல் என்று சொல்லலாம். முன்பக்கமாகச் சாய்ந்து, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் முதுகில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது கீழ்த்தாடையில் மிகுதியாகக் காணப்படும் நிலை. சில நேராகவே நின்று மேலே வர முடியாமல் தவிக்கும். சில முழுவதும் படுத்துக்கிடக்கும். எந்தக் கோணத்தில் சிக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதை எடுப்பது பத்து நிமிட வேலையா, ஈறைக் கீறி எலும்பைச் சிறிது அகற்றி, பல்லைத் துண்டாக்கி எடுக்கும் அறுவைச் சிகிச்சையா என்பது முடிவாகும். ஆகவே ஒருவருக்கு எளிதாக முடிந்தது இன்னொருவருக்கு ஏன் ஒரு மணி நேரம் ஆயிற்று என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் இல்லை.

வலி எங்கிருந்து வருகிறது?

முழுவதும் எலும்புக்குள் புதைந்திருக்கும் பல் பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் தராமல் இருக்கக்கூடும். முழுவதும் வெளியே வந்து நேராக நிற்கும் பல்லும் அப்படியே. தொல்லை தருவது பெரும்பாலும் பாதி வெளியே வந்து பாதி உள்ளே நிற்கும் பல். அதன் தலைமேல் ஈறின் ஒரு பகுதி மடல்போல மூடிக்கிடக்கும். சட்டைப் பையின் அடியில் சேரும் தூசியைப் பார்த்திருப்பீர்கள்; துவைத்தாலும் முழுவதும் போகாது. அந்த ஈறு மடலுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தும் அத்தகைய பைதான். சோற்றுப் பருக்கையும் வேர்க்கடலைத் துணுக்கும் உள்ளே போகும். தூரிகை அங்கே எட்டாது. காற்றுப் புகாத அந்த இடத்தில் கிருமிகள் பெருகும். மடல் வீங்கும். வீங்கிய மடலை மேல்பல் ஒவ்வொரு கடிக்கும் குத்தும். குத்தக் குத்த இன்னும் வீங்கும்.

பாதி முளைத்த பல்லின் தலையைச் சுற்றியுள்ள ஈறு இப்படி அழன்று வீங்குவதை மருத்துவர்கள் பெரிகொரோனைட்டிஸ் என்கிறார்கள். ஞானப்பல் முளைக்கும்போது வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று இளம் வயதினரிடம் சொல்லும் வலி பல சமயம் இந்த அழற்சிதான். அது தானாகத் தணியும், மறுபடியும் வரும். அருகிலுள்ள தசைகள் இறுகுவதால் சில நாள் வாயை அகலத் திறக்க முடியாது. வெதுவெதுப்பான உப்புநீரால் அந்தச் சந்தைக் கழுவிக்கொண்டு வந்தால் இலேசான நிலையில் தணிவு கிடைக்கும். ஆனால் கடையில் உதிரியாக வாங்கிய நான்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்கி, வலி குறைந்ததும் நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடையே மிகுதி. அதனால் சந்து தூய்மையாவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரத்தான் வழி உண்டாகிறது. வீக்கம் பரவாமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கும் வரை, அந்த இடத்தைக் கழுவித் தூய்மை செய்வதே முதல் சிகிச்சை.

ஆஸ்பிரினை ஈறில் அப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பிரின் ஓர் அமிலம். வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்துதான் அது வலியைக் குறைக்கிறது. ஈறில் வைத்தால் அந்த இடத்தைச் சுட்டு வெள்ளையாக உரிக்கிறது. தயவுசெய்து யாருக்கும் இதைச் சொல்லாதீர்கள்.

சுருக்கமாக, இடம் போதாததால் பல் பாதியில் நிற்கிறது. அதன்மேல் கிடக்கும் ஈறு மடலுக்கு அடியில் அழுக்குச் சேர்கிறது. அந்த அழற்சிதான் வலி. பல் சொத்தையானாலும் வலிக்கும், ஆனால் அது வேறு கணக்கு.

எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. நோய் ஏதும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வேறு சில நாடுகளில் இளம் வயதிலேயே எடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. அழற்சி திரும்பத் திரும்ப வருவது, பல்லோ அதன் பக்கத்துப் பல்லோ சொத்தையாவது, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாவது போன்றவை எடுப்பதற்குச் சரியான காரணங்கள். முன்பற்கள் கோணலாகின்றன, பின்னாலிருந்து ஞானப்பல் தள்ளுகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் வயது ஏற ஏற முன்பற்கள் நெருங்குகின்றன.

கண்ணைப் பற்றிய பயத்துக்கு வருவோம். முகத்துக்கு உணர்வு தரும் பெரிய நரம்பு ஒன்று மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும், ஒன்று மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் போகிறது. அதனால்தான் மேல்பல் வலிக்கும்போது கண்ணுக்குக் கீழும் வலிப்பதுபோல் இருக்கிறது. ஆனால் பார்வையைத் தரும் நரம்பு முற்றிலும் வேறு. கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. மேல்பல்லை எடுப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய நரம்பு கீழ்த்தாடையில் இருக்கிறது. எலும்புக்குள் ஒரு குழாய் வழியே ஓடும் அது கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். எடுத்த பிறகு உதடு மரத்துப்போவது சிலருக்கு நேர்கிறது. பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மீள்கிறது. மிகச் சிலருக்கே நிலைத்துவிடுகிறது. எடுப்பதற்குமுன் முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே கேட்பது இதற்காகத்தான். அதை வீண் செலவு என்று தவிர்க்க வேண்டாம்.

தயிர்ப் பானையை ஆட்டாதே

இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பல் வெளியே வந்ததும் அங்கே ஒரு குழி மிஞ்சுகிறது. அதன் சுவர் எலும்பு. அந்த எலும்பில் நரம்பு முனைகள் உண்டு. சில நிமிடங்களில் குழி இரத்தத்தால் நிறைந்து, அந்த இரத்தம் உறைகிறது. பாலில் உறை ஊற்றி இரவில் மூடி வைப்பதைப் போலத்தான் இதுவும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது பொருத்தமே. உறையும் பானையை யாராவது ஆட்டினால், கரண்டியை விட்டுக் கலக்கினால், தயிர் கட்டியாக நிற்காது.

உறைந்த இரத்தம் இறுகி நிற்பதற்கு ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் காரணம். அவை வலைபோலப் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்துவைக்கின்றன. அந்த வலை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எலும்பை எச்சிலும் காற்றும் உணவும் தொடாமல் மூடுகிறது. புதிய திசு ஏறி வளர்வதற்குப் பந்தலாகவும் நிற்கிறது. முதல் வாரத்தில் அந்தப் பந்தலில் சிறு இரத்தக் குழாய்கள் கொண்ட மென்மையான புதுத் திசு படர்கிறது. மூன்று நான்கு வாரங்களில் மேலே ஈறு மூடுகிறது. உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். முழங்காலில் அடிபட்டால் பொருக்குத் தட்டுவதை நாம் தடுக்க மாட்டோம். வாய்க்குள் இருப்பது ஈரமான பொருக்கு. பார்க்கக் கருப்பாக, அழுக்குப்போலத் தெரிவதால் பலர் அதைத் துப்பி, கொப்பளித்து, விரலால் துடைத்து எடுக்கப் பார்க்கிறார்கள். குணமாக்கும் மருந்தையே தூக்கி எறிவதற்கு அது சமம்.

பத்தியம் என்று மருத்துவர் சொல்பவை எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான். காரணம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உலர்குழி

உறைந்த இரத்தம் உரிய காலத்துக்குமுன் கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு திறந்து கிடக்கும் நிலையை மருத்துவர்கள் டிரை சாக்கெட் என்கிறார்கள். உலர்குழி என்று சொல்லலாம். 1896ஆம் ஆண்டிலேயே மருத்துவ எழுத்தில் இது விவரிக்கப்பட்டிருக்கிறது. இதன் அடையாளம் காலம்தான். சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். உலர்குழி வலியோ குறைந்து வந்து, இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் திடீரென்று கூடும். காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும், வாயில் துர்நாற்றமும் கெட்ட சுவையும் இருக்கும், மாத்திரைக்கு அடங்காது. அக்கா மகனுக்கு நேர்ந்தது எழுத்துக்கு எழுத்து இதுவே.

மற்றப் பற்களை எடுத்தபின் இது நூற்றில் ஐந்து பேருக்குள்தான் வருகிறது. கீழ்த்தாடைப் புதைபல்லுக்குப் பின் இன்னும் மிகுதி. புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். எல்லா ஒழுங்கையும் கடைப்பிடித்தவருக்கும் வரக்கூடும் என்பதால், வந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம்.

இதற்குச் சிகிச்சை எளிது. மருத்துவர் குழியைக் கழுவி, மருந்து தோய்ந்த பஞ்சுத்திரியை வைப்பார். பல நேரம் அன்றைக்கே வலி தணியும். அந்த மருந்தில் சேர்க்கும் யூஜெனால் என்ற பொருள் கிராம்பு எண்ணெயில் உள்ளதுதான். ஆகவே பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கிராம்பு எண்ணெயை வீட்டிலேயே நேராகப் புண்ணில் ஊற்றினால் திசு வெந்துபோகும்.

முதல் வாரம்

எடுத்தவுடன் வைத்த பஞ்சுத்துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்ப்பது பானையைத் திறந்து திறந்து பார்ப்பதற்குச் சமம். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. துப்பாமல் விழுங்கலாம், அல்லது வாயைத் திறந்து தானாக வழியவிடலாம். தலையணையை உயர்த்திப் படுப்பது நல்லது. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. அதன்பின் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்டபின் வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்து வழியவிட வேண்டும்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் மிகுதியாக இருக்கும். அதைப் பார்த்து நிலைமை கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். முதல் நாள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்துவிட்டால் வீக்கம் சற்றுக் குறையும். மின்சாரம் நிற்கும் நேரங்களில் குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியாது என்பதால், பனிக்கட்டியை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. மருத்துவர் அனுமதித்தால் அதனோடு ஐபுப்ரோஃபென் சேர்ப்பது, தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஐபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது. தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் பல் எடுக்கும் நாளைத் தள்ளிவைப்பது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபெனைத் தொட வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால், ஐபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் உடனே நிறுத்த வேண்டும். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

சாப்பாட்டில் சூடு, குளிர்ச்சி என்று நாம் பார்க்கும் கணக்கைவிட மூன்று கேள்விகள் முக்கியம்: கொதிக்கிறதா, உதிர்கிறதா, உறிஞ்ச வேண்டுமா? கொதிக்கக் கொதிக்க வரும் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) உறைந்ததை இளக்கிவிடும். ஆறிய பிறகு சாப்பிடலாம், மேலே தூவும் பொரித்த பருப்பு வேண்டாம். எள்ளும் வேர்க்கடலையும் பொரித்த அவரையும் கலந்த லபெத் என்ற தேயிலைக் கலவை இரண்டு வாரம் காத்திருக்கட்டும். எள் குழிக்குள் போனால் எளிதில் வெளியே வராது. பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டு விற்கும் கரும்புச் சாற்றைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைந்து, உறைந்த கட்டி மேலே இழுக்கப்படுகிறது. குழைந்த கஞ்சி, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, மசித்த வாழைப்பழம் ஆகியவை எல்லோர் வீட்டிலும் உண்டு.

வெற்றிலையும் சுருட்டும்

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சுருட்டில் இரண்டு கேடு: உறிஞ்சும் இழுப்பு ஒன்று, இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் நிகோடின் மற்றொன்று. குன்யாவில் இன்னும் பல. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, ஆறாத திசுவைச் சுடும். பாக்குத் துணுக்குகள் குழியில் தங்கும். புகையிலை சேர்ந்தால் நிகோடினும் உண்டு. மென்ற சாற்றை வேகமாகத் துப்புவது கட்டியைப் பெயர்க்கும். மறுபக்கத்தில் அடக்கினாலும் எச்சில் இரு பக்கமும் ஓடுகிறது. துப்பும் அழுத்தம் வாய் முழுவதற்கும் ஒன்றே. குறைந்தது இரண்டு வாரமாவது இரண்டையும் விட வேண்டும். விட்டது விட்டதாகவே இருந்தால் மிகவும் நல்லது. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லாமல் போக முடியாது. ஞானப்பல் அழற்சியால் வாய் திறக்க முடியாமல் போவது சில நாளில், வலியோடு வரும். பாக்கு மெல்பவர்களுக்கு மாதக்கணக்கில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்து, காரம் பட்டால் எரிந்தால், அது கன்னத் திசு இறுகும் தனி நோயாக இருக்கலாம். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகக்கூடும். பல்லைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

பல் எடுப்பதற்குமுன், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, சர்க்கரை நோய், கர்ப்பம் ஆகிய எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பெகு வட்டாரக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வந்து எடுத்துக்கொள்பவர்கள், அன்று மாலையே பேருந்து ஏறாமல், உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது. இரத்தம் மறுபடியும் கசிந்தால் திரும்பிப் போக வழி இருக்கும். அப்படிக் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, அரை மணி நேரம் இடைவிடாமல் கடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், சீழ், பல மணி நேரம் கழிந்தும் உதடு மரத்திருப்பது ஆகியவற்றுக்கு மறுநாளே மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் பல் எடுத்தவரோ, எடுக்காமல் வலியோடு நாள் கடத்துபவரோ, தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், அல்லது மூச்சுவிடச் சிரமப்பட்டால், கிருமி கழுத்தின் உட்பகுதிக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அது சில மணி நேரத்தில் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். அப்போது பல் மருத்துவரின் கடை திறக்கும் வரை காத்திருக்காமல், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும்.